தனியாக வந்த பிள்ளை யார் பொறுப்பு?

ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். சூடானிலிருந்து கிளம்பி லிபியா, இத்தாலி, பிரான்ஸ் என்று ஒன்றரை ஆண்டு அலைந்தவன். ரப்பர் படகில் ஆங்கிலக் கால்வாய் என்ற கடலைக் கடந்து இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் இறங்குகிறான். வயது பதினாறு என்கிறான். கையில் காகிதம் எதுவும் இல்லை, கூட வந்த பெரியவர் என்றும் யாரும் இல்லை. பெயர் வேண்டாம், இந்தக் கட்டுரை முடியும்வரை அவனைத் தம்பி என்றே கூப்பிடுவோம்.

தம்பி கரையேறியதுமே அவன் பேரில் இரண்டு கோப்புகள் திறக்கப்படுகின்றன. ஒன்று ஹோம் ஆபிஸில், அதாவது பிரிட்டனின் உள்துறையில். அந்தக் கோப்பில் அவன் அனுமதி இல்லாமல் வந்த வெளிநாட்டவன், தஞ்சம் கேட்பவன். நம்மவர் பேச்சில் சொன்னால் அசைலம் அடித்தவன். இன்னொன்று உள்ளூர் கவுன்சிலின் சிறார் சேவைப் பிரிவில். டோவர் இருப்பது கென்ட் கவுண்டியில் என்பதால் அது கென்ட் கவுன்சிலின் கோப்பு. அதில் அவன் பெற்றோர் பக்கத்தில் இல்லாத ஒரு பிள்ளை, அவ்வளவுதான். அகதிப் பிள்ளைகளுக்கான சட்டப் பாதுகாப்பு எவ்வளவு என்பது கடைசியில் இந்த இரண்டு கோப்புகளில் எது மேலே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கட்டுரையில் வரும் வழக்குகள் எல்லாம் அந்த இழுபறியின் கதைகள்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடிவரவுச் சட்டம் பிரிட்டன் முழுமைக்கும் ஒன்று. சிறார் நலச் சட்டமோ ஸ்காட்லாந்துக்கு ஒன்று, வேல்ஸுக்கு ஒன்று, வட அயர்லாந்துக்கு ஒன்று என்று பிரிந்து கிடக்கிறது. இங்கே பேசப்போவது இங்கிலாந்தைப் பற்றி.

தனிச் சட்டம் என்று ஒன்று இல்லை

அகதிப் பிள்ளைகளைக் காப்பாற்றவென்றே ஒரு சட்டம் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தேடினால் அகப்படாது. தம்பியைக் காப்பது 1989-ஆம் ஆண்டின் சிறார் சட்டம். லீட்ஸில் பிறந்து, வீட்டில் அடி உதை தாங்காமல் மீட்கப்பட்ட ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையைக் காக்கும் அதே சட்டம்.

அதன் 20-ஆம் பிரிவு சொல்வது இது. கவுன்சிலின் எல்லைக்குள் தேவையுள்ள ஒரு பிள்ளை இருக்கிறது. பெற்றோர்ப் பொறுப்பு உள்ளவர் யாரும் அதற்கு இல்லை. அல்லது அது தொலைந்துபோயிருக்கிறது, கைவிடப்பட்டிருக்கிறது. அல்லது பார்த்துக்கொண்டிருந்தவரால் தொடர்ந்து பார்க்க முடியவில்லை. இந்தக் காரணங்களால் அதற்குத் தங்க இடம் வேண்டுமென்றால் கவுன்சில் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்கலாம் என்று அல்ல, கொடுத்தே ஆகவேண்டும். பிள்ளை எந்த நாட்டுக் குடிமகன், விசா இருக்கிறதா, எப்படி வந்தது என்று அந்தப் பிரிவில் ஒரு கேள்வியும் இல்லை. எல்லைக்குள் நின்றால் போதும்.

என்னைக் கேட்டால், தம்பிக்குக் கிடைத்திருக்கும் பெரிய பலமே இந்தச் சாதாரணத்தன்மைதான். அகதிகளுக்கென்று தனியாக ஒரு சட்டம் இருந்திருந்தால், தேர்தலுக்குத் தேர்தல் அதில் ஒரு கை வைத்திருப்பார்கள். தஞ்சச் சட்டங்களுக்கு அதுதான் நடந்தது. 2022-இல் ஒன்று, 2023-இல் ஒன்று, 2025-இல் ஒன்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான சட்டத்தில் அப்படிக் கைவைப்பது எளிதல்ல. குடிவரவை இறுக்குகிறேன் என்று மேடையில் பேசுகிறவர்கூட, பிள்ளைகளைத் தெருவில் விடுகிறேன் என்று பேச முடியாது.

இதற்கு மேலே ஐக்கிய நாடுகளின் சிறார் உரிமைச் சாசனமும் உண்டு. அதன் 22-ஆம் உறுப்பு அகதிப் பிள்ளைகளைப் பற்றியது. பிரிட்டன் 1991-இல் அந்தச் சாசனத்தை ஏற்றபோது, குடிவரவு விஷயத்தில் மட்டும் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு விலக்கு எழுதிவைத்துக்கொண்டது. பதினேழு ஆண்டுகள் கழித்து, 2008-இல்தான் அந்த விலக்கைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டே, தன் குடிவரவு வேலைகளைச் செய்யும்போது நாட்டிலுள்ள பிள்ளைகளின் நலத்தையும் கருத்தில் கொள்ளவேண்டும் என்ற கடமை ஹோம் ஆபிஸின் தலையில் சட்டமாக ஏறியது. 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு என்று வழக்கறிஞர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்வது அதைத்தான்.

கவுன்சிலின் பராமரிப்பு என்றால் என்ன?

20-ஆம் பிரிவின்படி 24 மணி நேரத்துக்கு மேல் இடம் கொடுத்துவிட்டால், தம்பி ‘பராமரிப்பில் உள்ள பிள்ளை’ ஆகிவிடுகிறான். ஒரு கட்டிலும் ஒரு வேளைச் சோறும் மட்டும் அல்ல இது. அவனுக்கென்று ஒரு சமூகப் பணியாளர் வருவார். ஆரம்ப நாட்களிலேயே மருத்துவப் பரிசோதனை நடக்கும். அவனைப் பற்றிய திட்டம் ஒன்று எழுதப்படும். அந்தத் திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, அவனுடைய சமூகப் பணியாளருக்கு மேலதிகாரியாக இல்லாத வேறொரு அதிகாரி இருப்பார். முதல் மறுஆய்வு 20 வேலை நாளுக்குள், அடுத்தது மூன்று மாதத்துக்குள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இந்தக் கூட்டங்களில் தம்பிக்கும் நாற்காலி உண்டு. அவன் விருப்பம் என்ன என்று கேட்பது கவுன்சிலின் கடமை. அவனுடைய மதம், இனம், பண்பாடு, மொழி ஆகியவற்றை எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்றும் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அரபு பேசும் குடும்பம் கிடைக்காவிட்டாலும், ஹலால் சாப்பாடும் வெள்ளிக்கிழமைத் தொழுகையும் புரிந்த வீடாவது கிடைக்கவேண்டும் என்பது அதன் பொருள்.

படிப்புக்கு ‘மெய்நிகர் பள்ளி’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பெயரைப் பார்த்துக் கணினி வகுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கட்டடமே இல்லாத பள்ளி அது. கவுன்சிலின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகள் எந்தெந்தப் பள்ளியில் சிதறிக் கிடந்தாலும், அவர்கள் எல்லோரும் ஒரே பள்ளி மாணவர் போல ஒரு தலைமை ஆசிரியர் கணக்கு வைத்திருப்பார். எவன் பள்ளிக்குப் போகவில்லை, எவளுக்கு ஆங்கில வகுப்பு தேவை என்று பார்ப்பது அவர் வேலை.

தங்கும் இடம் வயதைப் பொறுத்தது. பதினாறு வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் வளர்ப்புக் குடும்பம். பதினாறு, பதினேழு வயதுக்காரர்களைப் பகிர்ந்து வாழும் வீடுகளில் வைத்து, அவ்வப்போது வந்து போகும் ஒரு உதவியாளரைப் போடுவதும் உண்டு. இந்த வீடுகளை நெடுங்காலம் கேட்பார் மேய்ப்பார் இல்லாமல் விட்டிருந்தார்கள். 2023 அக்டோபரிலிருந்துதான், ஆஃப்ஸ்டெட் என்ற கண்காணிப்பு அமைப்பில் பதிவு செய்யாமல் அப்படி ஒரு வீட்டை நடத்தக்கூடாது என்று ஆனது.

எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள்? 2024 மார்ச் கடைசியில் இங்கிலாந்தில் கவுன்சில்களின் பராமரிப்பில் 83,630 பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் 7,380 பேர் தம்பியைப் போலத் தனியாக வந்து தஞ்சம் கேட்டவர்கள். பெரும்பாலோர் ஆண்பிள்ளைகள், பதினாறைத் தொட்டவர்கள்.

இந்த உரிமையெல்லாம் தானாக வந்துவிடவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பல கவுன்சில்கள் பதினாறு, பதினேழு வயது அகதிப் பிள்ளைகளை 20-ஆம் பிரிவில் சேர்க்காமல், 17-ஆம் பிரிவு என்ற லேசான உதவிப் பிரிவில் போட்டுவந்தன. லாட்ஜில் ஒரு அறை, வாரத்துக்குக் கொஞ்சம் காசு, கதை முடிந்தது. பராமரிப்பில் இருந்ததாகவே கணக்கில் வராததால், பதினெட்டு முடிந்த பிறகு கவுன்சிலுக்கு அவர்கள்மேல் எந்தப் பொறுப்பும் கிடையாது. ஹீத்ரோ விமான நிலையம் இருக்கும் ஹில்லிங்டன் கவுன்சிலின் மேல் 2003-இல் இதற்காக வழக்கு நடந்தது. நீங்கள் எந்தப் பிரிவின் பெயரை எழுதினீர்கள் என்பது முக்கியமல்ல, உண்மையில் இந்தப் பிள்ளைகளை நீங்கள்தான் பராமரித்தீர்கள், ஆகவே பிந்தைய கடமைகளும் உங்களுக்கு உண்டு என்றது நீதிமன்றம். தனியாக வரும் பிள்ளை என்றால் 20-ஆம் பிரிவுதான் என்பது அதன் பிறகு வழக்கமாயிற்று.

சித்தப்பா சட்டப்படி சித்தப்பாவா?

இது நம் வீடுகளுக்கு நேராகப் பொருந்துவது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ தனியாக வந்த பிள்ளைகள் பலர் கவுன்சிலின் கதவைத் தட்டவே இல்லை. லண்டனில் ஒரு சொந்தக்காரர் வீடு இருந்தது, அங்கே போய்விட்டார்கள். நமக்கு அது இயல்பு. ஆனால் சிறார் சட்டத்தில் ‘உறவினர்’ என்ற சொல்லுக்கு ஒரு எல்லை கட்டியிருக்கிறார்கள்: தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோரும் அவர்கள் துணைகளும், மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தகப்பன். அங்கே கோடு போட்டாயிற்று.

அப்பாவின் கூடப்பிறந்த தம்பி சட்டப்படியும் சித்தப்பாதான். அப்பாவின் பெரியப்பா மகனும் நமக்குச் சித்தப்பாதான். வீட்டில் யாரும் வித்தியாசம் பார்ப்பதில்லை. சட்டத்துக்கோ அவர் அந்நியர். பதினாறு வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளை அப்படிப்பட்ட ஒருவர் வீட்டில் 28 நாட்களோ அதற்கு மேலோ தங்குவதாக இருந்தால், அது ‘தனியார் வளர்ப்பு’ ஆகிறது, கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது குற்றம். அதிகாரிகள் வந்து பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் பலர் மறைக்கிறார்கள். வருகிறவர்கள் பார்ப்பது பிள்ளைக்குப் படுக்கை இருக்கிறதா, பள்ளிக்குப் போகிறதா, வீட்டு வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்பதைத்தான். ஆள் கடத்தி வந்து சித்தி, மாமா என்று சொல்லிக் கூலியில்லா வேலைக்காரி ஆக்கும் கொடுமையும் லண்டனில் நடந்திருக்கிறது; விதி அதைத் தடுக்கவும்தான்.

கையெழுத்துப் போட யார் இருக்கிறார்?

20-ஆம் பிரிவில் ஒரு ஓட்டை உண்டு. அது இடம் கொடுக்கச் சொல்கிறதே தவிர, பெற்றோர்ப் பொறுப்பைக் கவுன்சிலுக்கு மாற்றிக் கொடுப்பதில்லை. அப்படி மாற வேண்டுமென்றால் 31-ஆம் பிரிவின்படி குடும்ப நீதிமன்றம் ஆணையிட வேண்டும். அதற்கு, கிடைக்கும் பராமரிப்பின் குறையால் பிள்ளைக்குப் பெருந்தீங்கு நேர்ந்தது, அல்லது நேரக்கூடும் என்று காட்ட வேண்டும். தம்பியின் உம்மா தார்ஃபூரில் எங்கோ உயிரோடு இருக்கலாம். அவள்மேல் என்ன குற்றம் சொல்வது? ஆகவே தம்பி போன்றவர்கள் பெரும்பாலும் 20-ஆம் பிரிவிலேயே இருந்துவிடுகிறார்கள். சமூகப் பணியாளர் உண்டு, மறுஆய்வு அதிகாரி உண்டு, வழக்கறிஞர் உண்டு; ஆனால் தகப்பன் ஸ்தானத்தில் நின்று ‘இவன் என் பொறுப்பு’ என்று சட்டப்படி சொல்லக்கூடிய ஒருவர் நாட்டிலேயே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரிட்டன் இந்தக் கேள்விக்கு ஒருகாலத்தில் பதில் கண்டுபிடித்திருந்தது. 1938 டிசம்பர் 2 அன்று, நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிய சுமார் 200 பிள்ளைகளோடு ஒரு கப்பல் ஹாரிச் துறைமுகத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு போர் மூளும்வரை ஏறத்தாழ 10,000 பிள்ளைகள், பெரும்பாலும் யூதர்கள், பெற்றோர் இல்லாமல் இப்படி வந்து சேர்ந்தார்கள். இவர்களுக்காக 1944-இல் நாடாளுமன்றம் ஒரு குட்டிச் சட்டம் போட்டது. பெற்றோர் இங்கே இல்லாத அகதிப் பிள்ளைகளுக்கு உள்துறை அமைச்சர் ஒரு காப்பாளரை நியமிக்கலாம் என்றது அது. லார்ட் கோரெல் என்ற ஒரே மனிதர் அவர்களுக்குக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். ஒருவர் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் தகப்பனாக முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். ஆனாலும் கையெழுத்துக்கு ஒரு பெயர் இருந்தது.

இன்று ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் தனியாக வரும் பிள்ளைகளுக்குக் காப்பாளர் முறை சட்டத்திலேயே இருக்கிறது. இங்கிலாந்தில், ஆள் கடத்தலுக்கு ஆளானதாகக் கருதப்படும் பிள்ளைகளுக்கு மட்டும் 2015-ஆம் ஆண்டின் நவீன அடிமைத்தன ஒழிப்புச் சட்டம் அப்படி ஒரு துணையை ஏற்படுத்தியது. கடத்தப்படாமல், தானாகவே படகேறி வந்த தம்பிக்குக் கிடையாது. இந்த விஷயத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் செய்ததுதான் சரி என்பது என் கட்சி.

எல்லாம் ஒரு தேதியில் தொங்குகிறது

இவ்வளவு நேரம் சொன்ன எல்லாம் தம்பிக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால்தான். பதினெட்டு ஆகிவிட்டது என்று ஒருவர் எழுதிவிட்டால், வளர்ப்புக் குடும்பம் இல்லை, மெய்நிகர் பள்ளி இல்லை. முன்பின் தெரியாத பெரியவர்களோடு தஞ்சக்காரர் ஹோட்டலில் ஓர் அறையில் கிடக்க வேண்டியதுதான். அப்படித் தவறாக எழுதப்பட்டவர்கள் பெரியவர்கள் சிறைவரை போனதும் நடந்திருக்கிறது. ஆகவே மிகக் கடுமையான சண்டை வயதின் மேல்தான்.

வயதை ஏன் சந்தேகிக்கிறார்கள்? பெரியவர் சிலர் பிள்ளை என்று சொல்லிக்கொண்டு வருவது உண்மை. பதினான்கு வயதுப் பிள்ளையின் பக்கத்து அறையில் இருபத்தைந்து வயதுக்காரனை வைக்க யாருக்கும் மனம் வராது. அந்தக் கவலையை அலட்சியம் செய்ய முடியாது. எதிர்ப்பக்கத்திலும் உண்மை இருக்கிறது. உலகத்தில் எத்தனையோ பேருக்குப் பிறந்த தேதி என்பது ஒரு காகிதச் சமாச்சாரம் அல்ல. நம் தாத்தா பாட்டிகளை நினைத்துப் பாருங்கள். நட்சத்திரம் தெரியும், பெரிய புயல் அடித்த வருஷம் என்று தெரியும்; பள்ளிச் சான்றிதழில் இருந்ததோ வாத்தியார் போட்ட தேதி.

நாள்காட்டியே வேறு என்றால் இன்னும் குழப்பம். எத்தியோப்பிய நாள்காட்டிக்குப் பதின்மூன்று மாதம். நாம் பயன்படுத்துவதைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால் ஓடுகிறது. அங்கிருந்து வந்த ஒரு பையன் 2024-இல் அதிகாரி முன் நின்று, “நான் 2000-இல் பிறந்தேன்” என்கிறான். அவன் கணக்கில் அது 2007 அல்லது 2008. அவனுக்குப் பதினாறு வயதுதான். அதிகாரி அப்படியே கழித்துப் பார்த்து இருபத்து நான்கு என்று எழுதினால், பொய் சொன்னவர் யாரும் இல்லாமலே ஒரு பிள்ளை பெரியவனாகிவிடுகிறான். தேதியே தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று போட்டுவிடுவது வழக்கம். அகதிகள் கூடும் இடத்தில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு அன்றுதான் பிறந்தநாள்.

இங்கிலாந்தில் வயதைத் தீர்மானிக்கும் முறை இரண்டு வழக்குகளின் மேல் நிற்கிறது. முதலாவது 2003-இல் லண்டனின் மெர்ட்டன் கவுன்சிலுக்கு எதிராக நடந்தது. தோற்றத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது, யார் பார்த்தாலும் சந்தேகத்துக்கே இடமில்லாத ஆளாக இருந்தாலொழிய என்றது நீதிமன்றம். பையனின் குடும்பம், படிப்பு, வந்த வழி எல்லாவற்றையும் கேட்க வேண்டும். அவன் சொன்னதில் முரண் தெரிந்தால், “இது இடிக்கிறதே, என்ன சொல்கிறாய்?” என்று அவனிடமே கேட்டு விளக்கம் பெற வேண்டும். ஹோம் ஆபிஸ் சொன்னதை அப்படியே நகல் எடுக்காமல் கவுன்சில் சொந்தமாக முடிவெடுக்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். பயிற்சி பெற்ற இரண்டு சமூகப் பணியாளர்கள், மொழிபெயர்ப்பாளர், பையனின் பக்கத்தில் உட்கார ஒரு பெரியவர் என்ற ஏற்பாடு அதிலிருந்து வளர்ந்ததுதான். ‘மெர்ட்டன் முறைப்படி செய்தார்களா?’ என்பது இன்றைக்கும் அந்தத் துறையில் முதல் கேள்வி.

இரண்டாவது வழக்கு 2009-இல், குரோய்டன் கவுன்சிலுக்கு எதிராக. குரோய்டன் என்றதும் லூனார் ஹவுஸ் கட்டடமும் விடிகாலை வரிசையும் நினைவுக்கு வருகிற தமிழர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்; தஞ்சக் கோரிக்கை பதியும் அலுவலகம் அங்கேதான். அதனால் தனியாக வந்த பிள்ளைகளின் பாரமும் நெடுங்காலம் அந்தக் கவுன்சிலின் தலையில்தான் விழுந்தது. வழக்கில் எழுந்த கேள்வி நுட்பமானது. கவுன்சில் ஒழுங்கான முறைப்படி விசாரித்து ஒரு வயதைச் சொல்லிவிட்டால் நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ள வேண்டுமா, அல்லது அந்த வயது சரியா என்று தானே பார்க்கலாமா? ஒரு பிள்ளைக்கு என்ன தேவை என்பது மதிப்பீடு, அதில் கவுன்சிலின் கருத்துக்கு இடமுண்டு. ஆனால் ஒருவர் பதினெட்டுக்குக் கீழா மேலா என்பதற்குச் சரியான விடை ஒன்றுதான், அதைக் கடைசியில் சொல்ல வேண்டியது நீதிமன்றமே என்று தீர்ப்பு வந்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரெண்டா ஹேல். பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் திறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. கவுன்சில் பெரியவன் என்று எழுதிவிட்டால் தம்பி இன்று நீதிமன்றப் படியேறிச் சாட்சிகளோடு வாதாட முடிகிறதென்றால் அது இந்தத் தீர்ப்பால்தான். வளர்ப்புத் தாய், ஆங்கில ஆசிரியர், கால்பந்துப் பயிற்சியாளர் என்று அவனோடு பல மாதம் பழகியவர்கள் சொல்வதற்கு அங்கே மதிப்புண்டு. இரண்டு நாள் பேட்டியில் தெரியாதது இரண்டு மாதச் சமையலறையில் தெரியும்.

எலும்பையும் பல்லையும் படம் பிடித்துப் பார்த்துவிட்டால் முடிந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே வயதுள்ள பிள்ளைகளின் எலும்பு ஒரே வேகத்தில் முதிர்வதில்லை; பட்டினியும் நோயும் இனமும் அதை மாற்றுகின்றன. பதினேழரையா பதினெட்டரையா என்பதுதான் கேள்வி. படம் சொல்வது அதைவிட அகலமான ஒரு வரம்பை. ஆனாலும் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி திறந்தது. 2024 ஜனவரியில் பல், மணிக்கட்டு எக்ஸ்ரேயும் முழங்கால், காறை எலும்பு ஸ்கேனும் விதிகளில் ஏறின. 2025 ஜூலையில், முகத்தைப் பார்த்து வயது சொல்லும் செயற்கை நுண்ணறிவைச் சோதிக்கப்போவதாக அரசு அறிவித்தது. கடல் உப்பிலும் வெயிலிலும் ஒன்றரை ஆண்டு காய்ந்த முகத்தை இயந்திரம் எப்படிப் படிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

ஹோட்டலில் வைத்த கதை

கால்வாய்ப் படகுகள் எல்லாம் கென்ட் கரையில் வந்து சேர, பிள்ளைகள் எல்லோரும் கென்ட் கவுன்சிலின் பொறுப்பானார்கள். மற்றக் கவுன்சில்கள் பகிர்ந்துகொள்ளட்டும் என்று 2016-இல் ஒரு தேசிய இடமாற்றத் திட்டம் வந்தது. விருப்பப்பட்டால் சேரலாம் என்பதால் பலர் சேரவில்லை. 2020-இலும் மறுபடி 2021-இலும், இனி எங்களால் முடியாது என்று கென்ட் கதவைச் சாத்தியது. 2021 ஜூலையிலிருந்து ஹோம் ஆபிஸ் தானே பிள்ளைகளை ஹோட்டல்களில் வைக்க ஆரம்பித்தது. அந்த ஆண்டு கடைசியில் இடமாற்றத் திட்டம் கட்டாயமானது, ஹோட்டல்களோ நிற்கவில்லை.

ஹோட்டலில் இருப்பவன் யார் பராமரிப்பில் இருக்கிறான்? ஹோம் ஆபிஸ் சிறார் நல அமைப்பு அல்ல. கவுன்சிலோ இவனைப் பொறுப்பேற்கவில்லை. இரண்டு கோப்புகளில் ஒன்று திறக்கப்படவே இல்லை. 2023 ஜனவரியில் குடிவரவு அமைச்சர் நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார்: ஹோட்டல்களில் தங்கவைக்கப்பட்டவர்கள் 4,600-க்கும் மேல், காணாமல்போன சம்பவங்கள் 440, அப்போதும் கண்டுபிடிக்கப்படாதவர்கள் 200 பேர். ஒரு சாதாரண உறைவிடப் பள்ளியிலிருந்து 200 பிள்ளைகள் காணாமல் போயிருந்தால் அந்த நாடு எப்படிக் கொதித்திருக்கும்!

சிறார் கடத்தலுக்கு எதிராக வேலை செய்யும் எக்பாட் என்ற தொண்டு அமைப்பு வழக்குப் போட்டது. 2023 ஜூலை 27 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி சேம்பர்லின் தீர்ப்பளித்தார். உண்மையான அவசரத்தில் மிகச் சில நாட்களுக்கு ஹோட்டல் என்றால் ஏற்கலாம்; 2021 டிசம்பருக்குள் அது வாடிக்கையாகிவிட்டது, ஆகவே சட்டவிரோதம். கென்ட் கவுன்சில் பிள்ளைகளை ஏற்க மறுத்ததும் சட்டவிரோதம். எத்தனை பேர் வந்தாலும் 20-ஆம் பிரிவின் கடமை கடமைதான். தாங்க முடியவில்லை என்றால் அரசோடு பேசித் தீர்க்க வேண்டுமே ஒழிய, ஒரு வகைப் பிள்ளைகளை மட்டும் வாசலில் நிறுத்தக்கூடாது. 2024-இன் தொடக்கத்துக்குள் பிள்ளைகளுக்கான அந்த ஹோட்டல்கள் மூடப்பட்டன. முன்னே சொன்ன அந்தச் சாதாரணச் சட்டம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கென்ட்டின் மேல் பரிதாபமும் எனக்கு உண்டு. கடல் அதன் வாசலில் இருப்பது அதன் குற்றமா?

அந்த இன்னொரு கோப்பு

ஹோம் ஆபிஸின் கோப்பிலும் பிள்ளைக்கென்று சில தனி விதிகள் உண்டு. தஞ்சக் கோரிக்கைக்கான பேட்டி பொதுவாகப் பன்னிரண்டு வயதுக்கு மேல்தான், அதுவும் ஹோம் ஆபிஸைச் சாராத பொறுப்பான பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். தன் பயத்தைப் பெரியவரைப் போலக் கோவையாகச் சொல்லப் பிள்ளைக்கு வராது. ஆகவே அவன் மனநிலையைவிட நாட்டு நிலவரத்தின் வெளிச் சான்றுகளுக்கு அதிக எடை கொடுக்கச் சொல்கிறது குடிவரவு விதி. வழக்கறிஞர் செலவுக்குச் சட்ட உதவி நிதி உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் விதி இரும்பு. பெரியவர் ஒருவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்தால், துணையையும் பிள்ளைகளையும் வரவழைக்கும் பாதை நெடுங்காலம் இருந்தது. 2025 செப்டம்பரில் அதையும் நிறுத்திவைத்தார்கள். பிள்ளைக்கு அகதி அந்தஸ்து கிடைத்து அம்மாவை அழைக்க விரும்பினால், பிரிட்டனின் அகதிக் குடும்ப இணைப்பு விதியில் அவனுக்கு இடம் இருந்ததே இல்லை.

பதினெட்டுக்கு மறுநாள்

தஞ்சம் மறுக்கப்பட்ட பிள்ளையையும் உடனே திருப்பி அனுப்புவதில்லை. திரும்பிய இடத்தில் பார்த்துக்கொள்ள ஆளும் இடமும் இல்லையென்றால், 30 மாதமோ பதினேழரை வயதோ, எது முதலில் வருகிறதோ அதுவரை தங்க அனுமதி கொடுப்பார்கள். முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதினேழரை வயதுப் பையனுக்கு அதை நினைவூட்ட வேண்டியவர் சமூகப் பணியாளர். அவர் மாறிப்போய் புதியவர் வந்த வாரத்தில் தேதி தவறிப்போவது எப்படிப்பட்ட ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

கவுன்சிலின் கோப்பு பதினெட்டோடு முற்றாக மூடப்படுவதில்லை. பதினான்கு வயதுக்குப் பிறகு மொத்தம் 13 வாரமாவது பராமரிப்பில் இருந்து, அதில் கொஞ்ச காலமாவது பதினாறைத் தாண்டிய பிறகாக இருந்தால், ‘பராமரிப்பிலிருந்து வெளியேறியவர்’ என்ற முழு உரிமை உண்டு. அவனுக்கென்று ஓர் ஆலோசகர், வீடு தேட உதவி, படிப்புக்கு உதவி. கேட்டால் 25 வயதுவரை ஆலோசகர் தொடர்வார். வளர்ப்புக் குடும்பத்துக்கும் சம்மதம் என்றால் 21 வரை அங்கேயே தங்கலாம். பதினெட்டுக்கு இரண்டு மாதம் முன்பு கரையேறியவனுக்கு 13 வாரம் தேறாது. அவனுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. வயது விசாரணை மாதக்கணக்கில் இழுத்தால் யாருக்கு நட்டம் என்பது இப்போது விளங்கும்.

ஆக, தம்பிக்குப் பதினேழு ஆகும்போது சமூகப் பணியாளர் அவனோடு உட்கார்ந்து எழுதவேண்டிய திட்டம் ஒன்றல்ல, மூன்று: தஞ்சம் கிடைத்தால் என்ன, முடிவு வராமல் இழுத்தால் என்ன, மறுத்துவிட்டால் என்ன. காகிதத்தில் அவனுக்குப் போட்டிருக்கும் பிறந்தநாள் ஜனவரி 1 என்றால், அன்று இங்கிலாந்தில் பொது விடுமுறை. புது வீட்டின் சாவி, வங்கிக் கணக்கு, வழக்கறிஞரின் கடிதம் எல்லாம் கிறிஸ்துமஸுக்கு முன்பே கைக்கு வந்திருக்க வேண்டும்.